சொல்லாமல் வந்த ஸ்வெட்டர்

அக்கா புருஷன் ஒரு தடவைகூட போன் பண்ணவில்லை. சின்னவளைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான்.

இந்த வீட்டுக்குள் இன்றைக்குத்தான் நுழைகிறவர்களுக்கு நாலு வரி. ஒரு கையில் பையும் மறு கையில் மகள் குட்டியுமாக அக்கா பிறந்த வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. வந்தவள் அழவில்லை. என்ன நடந்தது என்று விலாவாரியாகச் சொல்லவும் இல்லை. அவள் முழங்கைக்கு மேலே மஞ்சளாகிக்கொண்டிருந்த பழைய அடியைச் சின்னவள் பார்த்துவிட்டாள். அக்கா கையைக் கீழே இறக்கிக்கொண்டாள். அந்தக் கல்யாணத்தைப் பற்றி இந்த வீட்டில் நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

கடைக்குப் போனால்கூட போனைக் காதிலிருந்து எடுக்கக் கூடாது என்று பெண்டாட்டிக்குச் சட்டம் போட்டவன் அவன். பால் வாங்க நின்ற வரிசையில் பின்னாலிருந்து பேசியது யார் என்று கேட்டவன். அப்படிப்பட்டவன், பெண்டாட்டியும் பிள்ளையும் கிளம்பிப் போன பிறகு வாயே திறக்காமல் இருக்கிறான் என்றால் அதற்குப் பெயர் பெருந்தன்மையா? அப்பா அப்படித்தான் சொன்னார். அம்மா ஒரு படி மேலே போய், மாப்பிள்ளை தப்பை உணர்ந்துவிட்டார் என்றாள்.

போன்தான் வரவில்லை. பொருட்கள் வந்தன.

குட்டிக்குச் செருப்பு கடிக்கிறது, பாவம், என்று அம்மா ஒருநாள் புலம்பினாள். மறுநாள் வாசலில் ஒரு பார்சல். உள்ளே செருப்பு, குட்டியின் காலுக்கு அளவெடுத்த மாதிரி. அப்புறம் குட்டிக்குச் சளி பிடித்தது. டாக்டரிடம் போக வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே சிரப் வந்து இறங்கியது. அனுப்பியவர் பெயர் எதிலும் இல்லை. பெயர் எதற்கு, யார் என்று எல்லோருக்கும் தெரியும். அம்மா உருகிப்போனாள். பெத்த மனசு, எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் தெரிந்துவிடுகிறது என்றாள்.

"மனசுக்குச் செருப்பு சைஸ்கூடத் தெரியுமாம்மா?" என்று கேட்டாள் சின்னவள்.

படித்த பெண்ணுக்குப் பதில் சொல்வதை அம்மா என்றைக்கோ நிறுத்திவிட்டாள்.

இன்று காலை வந்தது ஸ்வெட்டர்.

குட்டிக்குத்தான். சிவப்பு நிறம், நெஞ்சில் ஒரு பட்டாம்பூச்சி. வருஷம் முழுக்க மின்விசிறி ஓடுகிற வீட்டில், துண்டை நனைத்து முதுகில் போட்டுக்கொண்டு தூங்குகிற வீட்டில், ஹாலின் நடுவே அந்த ஸ்வெட்டர் கிடந்தது. சின்னவள் அதைத் தொடவில்லை. செத்த எலியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏனென்றால் அக்கா குளிர் ஊருக்குப் போகிறாள். மருந்து கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தவளுக்கு, தூரத்து ஊர்க் கிளையில் தங்க இடத்தோடு வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை கிளம்ப வேண்டும். ஊர்ப் பெயரை அக்கா இந்த வீட்டில் ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னாள். அதையும் வீட்டுக்குள் வைத்துச் சொல்லவில்லை. சின்னவளை வெளிப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போய், காதோடு வாய் வைத்துச் சொன்னாள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் குளிர் ஊர் என்ற அளவில்தான் தெரியும்.

அந்த அளவுக்கு இப்போது அவனுக்கும் தெரிந்திருக்கிறது. மிச்சத்தைக் கண்டுபிடிக்க அவனுக்கு எவ்வளவு நேரமாகும்?

சின்னவளுக்கு இன்று வார விடுமுறை. அக்கா குட்டியைக் கம்பெனிக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலையில் இருந்தாள். விடாமல் பெய்த மழையில் சுவர் காயவில்லை என்று அப்பாவும் வீட்டில் இருந்தார். வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிற மனிதர். வேலையில்லாத நாளில்கூட நகக்கண்ணில் வெள்ளை ஒட்டியிருக்கும்.

சுற்றி வளைக்கத் தெரியாதவள் சின்னவள். நேராகப் போய் அவர் முன்னால் நின்றாள். அவனோடு போனில் பேசுகிறீர்களா என்று கேட்டாள். அப்பாவுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் டீ தம்ளரைக் கீழே வைத்தார். இந்த வீட்டில் பெருந்தன்மை என்று சொன்னது நீங்கள்தானே, ஆம்பளைக்கு ஆம்பளை பாவம் பார்த்துச் சொல்லியிருப்பீர்கள் என்று அவள் மேலே மேலே அடுக்கினாள். வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினாள்.

"ஒண்ணுக்கும் லாயக்கில்லாதவன்னு சொல்லு, கேட்டுக்கறேன்" என்றார் அப்பா. "பெத்த பொண்ணைக் காட்டிக்கொடுக்கறவன்னு சொல்லாதே."

சொல்லிவிட்டுத் தன் போனை எடுத்து அவள் கையில் திணித்தார். அதில் யார் யாருக்குப் பேசியிருக்கிறார் என்று பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் பார்த்தாள். பெயின்ட் கடை, மேஸ்திரி, மறுபடி பெயின்ட் கடை. வேறு யாரும் இல்லை.

பின்னறையிலிருந்து தையல் மிஷின் சத்தம் நின்றது. பேன்ட்டுக்கு மடிப்பு அடிப்பது, ஜிப் மாற்றுவது என்று ஒரு லாண்டரிக்காக அம்மா தைக்கிறாள். நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தவள், வீட்டில் நம்மைத் தவிர இன்னொருத்தர் இருக்கிறாரே, அவரை விட்டுவிட்டாயே என்றாள்.

அவள் சொன்னது பெரியவரை. இவர்களுக்கு முன்னால் இந்த வீட்டில் குடியிருந்த வயதானவர், தனியாள், அந்தப் பின்னறையில்தான் செத்துப்போனார். வாடகை குறைவாக இருந்ததற்கு அதுதான் காரணம். குடிவந்து வருஷக்கணக்கில் அவர் பாட்டுக்குச் சும்மா இருந்தார். இந்த ஒரு மாதமாகத்தான், மத்தியானத்தில் அம்மா தனியாக இருக்கும்போது, இருமுகிறாராம். தொண்டையைச் செருமுகிறாராம். ஒருநாள் பெருமூச்சு விட்டாராம்.

வேறு நாளாக இருந்தால் சின்னவள் சிரித்திருப்பாள். பேய்க்கு நெஞ்சில் சளி கட்டுமா என்று கேட்டிருப்பாள். இன்று சிரிப்பு வரவில்லை. யாரும் சொல்லவில்லை. ஆனால் அவனுக்குத் தெரிகிறது. அப்படியானால் சொல்லத் தேவையே இல்லாத ஏதோ ஒன்று இங்கே இருக்கிறது.

அவள் திரும்பி அலமாரியின் மேல் தட்டைப் பார்த்தாள். தூசு படிந்த ரவுட்டர், பச்சைக் கண்களைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

இன்டர்நெட் கம்பெனியில் புகார் கேட்கிற வேலை அவளுக்கு. குடும்பத்தில் முதல் டிகிரி வாங்கியவள், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ரவுட்டரை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள் சார், என்று நாள் முழுக்க ஊருக்குப் புத்தி சொல்லுகிறாள். உங்கள் இணைப்பில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள் மேடம் என்பதும் அவள் சொல்லுகிற வசனம்தான். சொந்த வீட்டில் ஒருநாளும் பார்த்ததில்லை.

லேப்டாப்பை மடியில் வைத்து, ரவுட்டரின் உள்பக்கத்தைத் திறந்தாள். இப்போது இணைந்திருப்பவை என்ற இடத்துக்குப் போனாள்.

வீட்டில் இருப்பதைவிட அதிகமாக இருந்தது.

சரி, ஒவ்வொன்றாகக் கழித்துவிடலாம். தன் போனை அணைத்தாள். ஒரு வரி மறைந்தது. அப்பாவின் போன், அம்மாவின் போன், டிவி. ஒவ்வொன்றாக மறைந்தன. லேப்டாப்பைத் தவிர இரண்டு மிச்சம் நின்றன. ஒன்றுக்குப் போன் கம்பெனிப் பெயர் இருந்தது. இது யாருடையது என்று அவள் உரக்கக் கேட்க, அம்மா சட்டென்று ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தாள். ஊசியில் ஏற்கெனவே நூல் இருந்தது.

மாடி வீட்டு அக்காவுக்கு அம்மா பாஸ்வேர்டைக் கொடுத்திருக்கிறாள். எவ்வளவு நாளாக? அது ஆச்சு. ஏன்? அவள் புருஷன் வீட்டில் நெட் போட மாட்டேன் என்கிறானாம். அவளும் மனுஷிதானே, நாலு சீரியல் பார்த்துவிட்டுப் போகட்டுமே. நம்ம தண்ணியா குறையப்போகுது?

சின்னவள் மாடிப்படியேறிப் போய்ப் போனை அணைக்கச் சொன்னாள். மாடி அக்கா கெஞ்சினாள். சரியாக மாமியார் அறையப்போகிற இடமாம், இன்னும் இரண்டே நிமிஷமாம். சின்னவள் அவள் கையிலிருந்து வாங்கி அணைத்துக் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

இன்னொன்று அப்படியே இருந்தது.

அதற்குப் பெயர் இல்லை. வெறும் எழுத்தும் எண்ணும். வீட்டில் டிவி ஓடவில்லை, மிஷின் ஓடவில்லை, எந்தப் போனும் முழித்திருக்கவில்லை. வெளியே மழைத்தண்ணீர் குழாயில் இறங்குகிற சத்தம் மட்டும். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் இந்த வீட்டுக்குள் யாரோ கண்ணை மூடாமல் இருக்கிறார்கள்.

அம்மா மெதுவாக, பெரியவருக்கெல்லாம் இதில் பெயர் வருமா என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை.

சின்னவள் எழுந்து, வெளியிலிருந்து வரும் ஒயரை ரவுட்டரிலிருந்து பிடுங்கினாள். இனி இங்கே பேசுவது எதுவும் வெளியே போகாது. அப்புறம் ரவுட்டரின் வீச்சைக் குறைக்கிற இடத்தைத் தேடிப் பிடித்து, அடிமட்டத்துக்கு இறக்கினாள். இப்போது அதன் குரல் பக்கத்து அறைக்கே எட்டாது. ரவுட்டரையும் லேப்டாப்பையும் கையில் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போக வேண்டும். எந்த அறையில் அந்த வரி தெரிகிறதோ, அது அங்கேதான் இருக்கிறது.

கரன்ட் போகாமல் தூக்கிக்கொண்டு நடப்பது எப்படி என்று அவள் யோசிப்பதற்குள் அப்பா எழுந்து போனார். வேலைக்கு எடுத்துப்போகிற நீள ஒயர் உருளையைக் கொண்டுவந்து பிளக்கில் செருகினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் முன்னால் நடக்க, கல்யாண ஊர்வலத்தில் விளக்குக்காரன் மாதிரி அவர் பின்னால் ஒயரை விட்டுக்கொண்டே வந்தார்.

சமையலறையில் வரி இல்லை. குளியலறை வாசலில் இல்லை. ஹாலில் ஒருமுறை வந்து எட்டிப்பார்த்துவிட்டு மறைந்தது. பின்னறையின் நிலையைத் தாண்டியதும் வந்தது. வந்தது போகவில்லை.

தையல் மிஷின். கட்டில். துணி அலமாரி. அக்கா கொண்டுவந்த பை. கட்டில் தலைமாட்டில், சுவர் பிளக்கில், குட்டியின் முயல் விளக்கு.

வெள்ளை ரப்பர் முயல். காதுகளை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வயிற்றுக்குள் மங்கலாக ஒரு வெளிச்சம். இது இல்லாமல் குட்டி தூங்க மாட்டாள், பகலிலும் அணைக்காதீர்கள், அப்புறம் பழக்கம் விட்டுப்போகும் என்று வந்த அன்றே அக்கா சொல்லியிருந்தாள். ஒரு விளக்குக்கு என்ன பழக்கம் என்று யாரும் கேட்கவில்லை.

சின்னவள் குனிந்து முயலின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோனாள். மூக்கு என்று இத்தனை நாள் நினைத்தது மூக்கு இல்லை. பளபளவென்று ஒரு கறுப்புக் கண்ணாடிப் பொட்டு. அடிவயிற்றில் ஊசிமுனை ஊசிமுனையாக ஓட்டைகள். கைக்குழந்தையைத் தனியறையில் போட்டுவிட்டு வேறு இடத்திலிருந்து பார்க்கவும் கேட்கவும் பேசவும் ஒரு கேமரா விற்கிறார்களே, அது.

பிளக்கைப் பிடுங்கினாள். கொஞ்ச நேரத்தில் திரையில் அந்த வரியும் அணைந்தது.

வீட்டு பாஸ்வேர்ட் தெரியாத பொருள் எப்படித் தானாக உள்ளே வந்து ஒட்டிக்கொண்டது என்று யோசித்தவளுக்கு, பதில் கிடைத்ததும் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கொடுத்ததே அவள்தான். அக்கா கல்யாணமான புதிதில், அந்த வீட்டுக்குப் போய் ரவுட்டரைச் சரிசெய்து கொடுத்தவள் இவள். வேலைக்குச் சேர்ந்த புதுப் பவுசு. இந்த வீட்டு வைஃபைக்கு என்ன பெயரோ அதே பெயர், அதே பாஸ்வேர்ட். அக்கா எந்த வீட்டுக்குப் போனாலும் போன் தானாகப் பிடித்துக்கொள்ளும், பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் வித்தியாசமே தெரியாது பாரேன் என்று பெருமையடித்தாள். அங்கே பழகிய முயல், இங்கே வந்ததும் அதே பெயரைப் பார்த்தது. கேள்வி கேட்காமல் உள்ளே வந்துவிட்டது.

அம்மா மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"இருமினது..." என்றாள்.

ஆமாம் என்றாள் சின்னவள்.

அதற்கு மேல் அம்மா சொன்னதைக் கேட்க அப்பா கட்டிலில் உட்கார வேண்டியிருந்தது. முதல் தடவை இருமல் கேட்டபோது பயந்தாளாம். இரண்டாம் தடவை பாவமாக இருந்ததாம். தனியாகக் கிடந்து செத்த மனுஷர், பேச்சுத்துணைக்கு ஏங்குகிறார் என்று நினைத்தாளாம். அதனால் தைக்கும்போது பேச ஆரம்பித்தாள். என்ன சமையல் என்று சொன்னாள். அப்பாவின் முட்டிவலியைச் சொன்னாள். சின்னவளுக்கு வாய் நீளம், எவன் கட்டுவான் என்று சொன்னாள். பேத்திக்குச் செருப்பு கடிப்பதைச் சொன்னாள். பெரியவரே, என் பெரிய பொண்ணு குளிர் ஊருக்குப் போகிறாள், மருந்து கம்பெனியில் வீடும் தருகிறார்களாம், திங்கட்கிழமை கிளம்புகிறாள், குட்டிக்கு ஒரு ஸ்வெட்டர்கூட இல்லை, நீங்கள்தான் கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நேற்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள்.

அப்போது அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டதாம். மனசுக்கு ஆறுதலாக இருந்ததாம்.

சின்னவளுக்கு அம்மாவைத் திட்ட வேண்டும் போல இருந்தது. அதைவிட அதிகமாக, எங்கோ நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ஒரு வயசான பொம்பளை செத்தவனிடம் பேசுவதாக நினைத்துத் தன்னிடம் பேசுவதை ஒரு மாதம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவனின் முகத்தில் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

ஒயரை மறுபடி செருகி, வீச்சை ஏற்றி, வைஃபையைப் பழையபடி ஆக்கினாள். பாஸ்வேர்டை மாற்றிவிடலாம். அக்கா வரட்டும், அவளையே ஒன்று சொல்லச் சொல்லலாம். முயலை ஹால் மேஜையின் நடுவில், பிடிபட்ட திருடனை உட்கார வைப்பது போல வைத்தாள். அக்கா கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்றுதான் நினைத்தாள்.

சாயங்காலம் வெளிச்சம் மங்கும் முன்னே அக்கா வந்தாள். குட்டி அவள் தோளில் பாதித் தூக்கத்தில் இருந்தாள். செருப்பைக் கழற்றும்போதே மேஜையைப் பார்த்துவிட்டாள். ஒரு கால் செருப்போடு அப்படியே நின்றாள்.

"எப்போ எடுத்தே?"

"மத்தியானம். பார்த்தியா, இதுக்குள்ள..."

"மத்தியானம்னா? சாப்பாட்டுக்கு முன்னாடியா, அப்புறமா?"

சின்னவள் சொல்லவந்ததை விட்டுவிட்டாள். "உனக்குத் தெரியுமா?"

அக்கா குட்டியை அப்பாவிடம் நீட்டினாள். மாடிக்குக் கூட்டிப்போங்கள், நான் கூப்பிடும்வரை கீழே வரவேண்டாம் என்றாள். அப்பா ஏன் என்று கேட்கவில்லை. குட்டியைத் தூக்கிக்கொண்டு அவசரமாகப் போனவர், வாசல் கதவைச் சாத்தவும் இல்லை.

அப்புறம் அக்கா சொன்னாள். அழாமல், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். கிளம்பிய அன்று அவன் தடுக்கவில்லை. முயலை அவனே பையில் எடுத்து வைத்தான். உங்கப்பன் வீட்டில் போய் இரு, நான் வரமாட்டேன், போன்கூடப் பண்ணமாட்டேன் என்றான். இது எரிந்துகொண்டிருக்க வேண்டும், அந்த வீட்டில் நடப்பது எனக்குக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். இது அணைந்தால் கிளம்பி வருவேன் என்றான். அங்கிருந்து இங்கே வர ஒரு மத்தியானம் போதும்.

அதனால்தான் வீட்டுக்குள் அவள் வாயைத் திறக்காமல் இருந்தாள். அதனால்தான் படிக்கட்டு. திங்கட்கிழமை குட்டியோடு அவள் போய்விடுவாள். முயல் இங்கேயே எரிந்துகொண்டிருக்கும். அம்மா தைப்பதும் டிவி ஓடுவதும் சின்னவள் கத்துவதும் கேட்டுக்கொண்டே இருக்கும். அவள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள், பயந்துபோய்ப் பேசாமல் இருக்கிறாள் என்று அவன் நினைத்துக்கொள்வான். நாலு நாள் கிடைத்தாலும் போதும், அவள் ஊர் போய்ச் சேர்ந்து கதவைப் பூட்டிக்கொள்வாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள் சின்னவள்.

"சொல்லியிருந்தா அன்னிக்கே பிடுங்கிப் போட்டிருப்பே."

உண்மை. பிடுங்கித்தான் போட்டிருப்பாள். இந்த வீட்டில் எல்லோருக்கும் மூளையாக இருப்பது தான்தான் என்ற நினைப்பு அவளுக்கு. அக்காவின் மூளை ஒரு மாதமாகத் தனியாக வேலை செய்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரியவே இல்லை.

ஸ்வெட்டர் வந்ததைச் சொன்னாள். பெரியவர் கதையை அம்மாவே சொன்னாள், தரையைப் பார்த்துக்கொண்டு. அக்கா கோபப்படுவாள் என்று சின்னவள் காத்திருந்தாள். அக்கா அம்மாவின் தலையில் ஒட்டியிருந்த நூல் துணுக்கை எடுத்துவிட்டாள். அவ்வளவுதான். அது இன்னும் மோசமாக இருந்தது.

அம்மா எழுந்தாள்.

மேஜையிலிருந்த முயலை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். சின்னவள் வேண்டாம்மா என்று பின்னாலேயே ஓடினாள். அதற்குள் பிளக்கைச் செருகிவிட்டாள். முயலின் வயிற்றில் வெளிச்சம் துடித்துத் துடித்து, அப்புறம் நிலையாக நின்றது. அம்மா மிஷின் ஸ்டூலை இழுத்துப் போட்டு, எல்லா மத்தியானமும் உட்கார்வது போல அதன் எதிரில் உட்கார்ந்தாள்.

"மாப்பிள்ளை, நான்தான் பேசறேன்" என்றாள். "செத்துப்போன மனுஷர்னு நினைச்சு உங்ககிட்ட ஒரு மாசம் பேசியிருக்கேன். இருமினப்போ தண்ணி குடிங்கன்னுகூடச் சொன்னேன். நான்தான் பேசறேன், அத்தைன்னு ஒரு வார்த்தை வாயில வரலையே உங்களுக்கு. அந்தப் பெரியவர் செத்தவர்தான், ஆனா மனுஷர். என் பொண்ணு இனிமே உங்க வீட்டுக்கு வரமாட்டா. பேசறதுன்னா இந்தப் பொம்மைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டுப் பேச வேண்டாம். வாசலுக்கு வந்து பேசுங்க."

முயல் சும்மா இருந்தது. கறுப்பு மூக்கு மூன்று பேரையும் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா நிலைக்கதவில் சாய்ந்து நின்றாள். வைஃபை முழுசாகப் பிடிக்க நேரமாகும், ஒருவேளை எதுவுமே அவனுக்குப் போயிருக்காது என்று சின்னவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேலையில் மற்றவர்களுக்குச் சொல்லுகிற அதே குரலில்.

அப்போது படிக்கட்டுப் பக்கம் அப்பாவின் குரல் கேட்டது. மாப்பிள்ளை, மாப்பிள்ளை, இருங்க, குழந்தையைக் கொடுங்க என்று என்னவோ கெஞ்சுகிற குரல். கூடவே குட்டி சிரித்தாள். தூக்கிப் போட்டுப் பிடித்தால் சிரிக்கிற சிரிப்பு.

ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து, அதே கெஞ்சலும் அதே சிரிப்பும் முயலின் வயிற்றிலிருந்து வந்தன.

சின்னவளுக்கு அந்த இடைவெளி எதனால் என்று தெரியும். குரல் அவன் போனுக்குள் போய், எங்கெங்கோ சுற்றி, இங்கே வந்து சேர ஆகிற நேரம். தெரிந்தும் அவள் கைகால் நகரவில்லை.

"அத்தை" என்றது முயல். மரியாதையான, மிருதுவான குரல். "வாசல்லதான் நிக்கறேன். கதவு திறந்துதான் இருக்கு."

முதலில் நகர்ந்தது அக்காதான். குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். முயலை அம்மாவின் மடியில் வைத்தாள். சின்னவளின் தோளைத் தொட்டு ஒதுக்கிவிட்டு ஹாலுக்கு வந்தாள். இன்னும் ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. ஹாலின் நடுவில், ஸ்வெட்டரை மிதித்துக்கொண்டு நின்றாள்.

"குட்டியைக் கீழே இறக்கி விடுங்க" என்றாள். தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

வாசலில் சிரிப்பு நின்றது.

குட்டியின் கால் தரையில் படுகிற சத்தத்துக்காக மூன்று பெண்களும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.